பஸ் ஸ்டாண்ட் சுவர்ல ஊரே சேர்ந்து ஓவியம் வரையலாம்னு இருக்கோம் (குந்தா பக்கம், நீலகிரி). என்ன வரையறது, மழைக்கு எப்படி நிக்க வைக்கறது?

குந்தா_பையன்:

எல்லாருக்கும் வணக்கம்ங்க. நான் நீலகிரி குந்தா தாலுகா, மஞ்சூருக்கு அந்தாண்ட ஒரு சின்ன டவுன். டவுன்னு சொன்னா பஸ் திரும்பற இடம், பேக்கரி, மளிகைக்கடை, பச்சைத் தேயிலை எடை போடற ஷெட், ஸ்கூல், ரேஷன் கடை, அவ்ளோதான். ஆனா சுத்தி இருக்கற ஹட்டி (படுகர் ஊர்), எஸ்டேட் லைன் (தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசை), காலனி எல்லாத்துக்கும் இதுதான் கடைவீதி, காலைல கோயமுத்தூர் பஸ்ஸுக்கும் ஊட்டி பஸ்ஸுக்கும் எல்லாரும் இங்கதான் வந்து நிப்பாங்க.

பஸ் நிக்கற இடத்துக்குப் பின்னாடி 60 அடி நீளத்துக்கு ஒரு சுவர் இருக்கு, 7 அடி உயரம். அது சிமெண்ட் பூசினது, பாசியும் போஸ்டரும் மூடி கெடக்கு. அதுக்கு அடுத்து வளைவு வரைக்கும் மண்சரிவுக்காக கட்டின கருங்கல் தடுப்புச் சுவர். இது ரெண்டையும் சேர்த்து ஓவியமா மாத்தலாம்னு எங்க லைப்ரரிக்கு வர்ற பசங்க, ஸ்கூல் டீச்சருங்க, கடைக்காரங்க எல்லாம் பேசி முடிவு பண்ணிட்டோம். பேரூராட்சியில கேட்டோம், செய்ங்க தம்பின்னு வாயில சொல்லிட்டாங்க.

பிரச்சனை அதுக்கப்புறம்தான் ஆரம்பிச்சுது. என்ன வரையறதுன்னு பேச உக்காந்தா ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. ஒருத்தர் புலி, அருவின்னு சொல்றார். இன்னொருத்தர் தோடர் எம்ப்ராய்டரி டிசைன் போட்டா டூரிஸ்ட் நின்னு போட்டோ எடுப்பாங்கன்னு சொல்றார். பெரியவங்க படுகருங்க கும்புடற ஹெத்தை அம்மன் பண்டிகைய வரையணும்ங்கறாங்க. ஸ்கூல் பசங்களுக்கு மலை ரயில் வேணும், அது எங்க ஊர் பக்கமே வர்றதில்ல. இதுக்கு நடுவுல ஒரு ரிசார்ட்காரர் மொத்த பெயிண்ட் செலவும் நான் தர்றேன், ஆனா நடுவுல என் லோகோ பெருசா வரணும்ங்கறார். கோயமுத்தூர்ல இருந்து ஆர்டிஸ்ட் கூப்பிடலாமா இல்ல நாங்களே வரையலாமான்னும் குழப்பம்.

இங்க தென்மேற்கு மழை எப்படி அடிக்கும்னு தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். 2019 ஆகஸ்ட்ல பக்கத்துல அவலாஞ்சியில ஒரே நாள்ல 900 மில்லி மீட்டருக்கு மேல கொட்டுச்சு. அப்படிப்பட்ட ஊர்ல ஒரு பெயிண்ட் எத்தன வருஷம் நிக்கும்? அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

குன்னூர்_பெயிண்டர்:

தம்பி, என்ன வரையறதுங்கறத அப்புறம் பேசுங்க, மொதல்ல சுவர பாருங்க. மலையில பெயிண்ட் உரியறதுக்கு முக்கால்வாசி காரணம் முன்னாடி அடிக்கற மழை இல்ல, பின்னாடி இருந்து வர்ற ஓதம். சுவருக்குப் பின்னாடி மண்ணு இருக்கா? இருந்தா அந்த மண்ணு மழைக்காலம் பூரா தண்ணிய குடிச்சிட்டு அதை மெல்ல மெல்ல சுவர் வழியா வெளிய விடும், அந்தத் தண்ணியோட சிமெண்ட்ல இருக்கற உப்பும் வெளிய வந்து வெள்ளையா பூக்கும், நீங்க எவ்வளவு காஸ்ட்லி பெயிண்ட் அடிச்சாலும் உள்ள இருந்து தள்ளிட்டு கொப்புளம் கொப்புளமா வந்துரும். ஊட்டி குன்னூர்ல ஸ்கூல் சுவர், ஹாஸ்டல் சுவர்னு எத்தனையோ பாத்துட்டேன், ஒரு சீசன்லயே உரிஞ்சு தொங்கும்.

அதனால கருங்கல் தடுப்புச் சுவர விட்ருங்க. அதுல தண்ணி வெளிய போக ஓட்டை விட்டிருப்பாங்க, வீப் ஹோல்னு சொல்லுவோம், அதை எந்தக் காரணத்துக்கும் அடைக்கக் கூடாது, டிசைனுக்கு எடைஞ்சலா இருக்குன்னு பூசி மூடறவங்களையும் பாத்திருக்கேன். தண்ணி போக வழி இல்லன்னா பின்னாடி அழுத்தம் ஏறி சுவரே வெளிய தள்ளிக்கும், கீழ பஸ்ஸுக்கு நிக்கறது உங்க ஊர் சனம். கல்லு கல்லாவே இருக்கட்டும், அதுவே அழகுதான்.

சிமெண்ட் சுவர்ல வேலை செய்ங்க. பாசிய கம்பி பிரஷ் போட்டு தேச்சு எடுங்க, பிளீச்சிங் பவுடர் கரைச்ச தண்ணி ஊத்தி ஊற விட்டு நல்லா கழுவுங்க, இல்லன்னா பெயிண்டுக்கு அடியிலயே பாசி திரும்ப வளரும். விரிசல் இருந்தா வெட்டி அடைங்க. புதுசா பூசற இடம் இருந்தா 28 நாளாவது விடணும், பச்ச சிமெண்ட் மேல அடிச்சா கலரையே தின்னுரும். அப்புறம் எக்ஸ்டீரியர் பிரைமர் ஒரு கோட், அது மேல எக்ஸ்டீரியர் எமல்ஷன். எனாமல் பெயிண்ட் பளபளன்னு இருக்குன்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, அது காத்துப்போக்கு இல்லாத தோலு மாதிரி மூடிக்கும், ஓதம் வெளிய வர முடியாம படலமே கழண்டு வரும். கடைசியா அடிக்கற கிளியர் கோட்டும் அப்படித்தான், காய்ஞ்ச சுவருக்கு நல்லது, ஈரச் சுவருக்கு கெடுதல்.

உங்க சுவர் 60க்கு 7, 420 சதுரஅடி. எமல்ஷன் ரெண்டு கோட்டுக்கு லிட்டருக்கு 50, 60 சதுரஅடி வரும்னு வைங்க, அடிக்கலருக்கு மட்டும் 7ல இருந்து 8½ லிட்டர் போதும். பிரைமர் தனி, மேல வரையற கலர் தனி. செலவு நீங்க பயப்படற அளவு இல்ல, ஒரு ரிசார்ட்காரர் லோகோவுக்கு தலையாட்டற அளவு கண்டிப்பா இல்ல.

கலர்ல ஒரு விஷயம். மலையில வெயில் சில்லுன்னு இருந்தாலும் புற ஊதாக் கதிர் கீழ விட ஜாஸ்தி. பளிச்சுன்னு இருக்கற சிவப்பு, எலுமிச்சை மஞ்சள், ரோஸ் இதெல்லாம் சீக்கிரம் வெளுத்துரும். காவி, மஞ்சக்காவி, செங்கல் கலர், கறுப்பு, இந்த இரும்பு ஆக்சைடு வகை கலரெல்லாம் வருஷக்கணக்கா நிக்கும். டிசைன் போடறவங்க கிட்ட இதை முன்னாடியே சொல்லிருங்க.

மலைப்பாதை_டிரைவர்:

வளைவு வரைக்கும் சுவர் இருக்குன்னு சொல்றீங்க. அந்த வளைவுப் பக்கம் தயவுசெஞ்சு படம் வேணாம்ங்க. நான் இருபது வருஷமா மலையில வண்டி ஓட்டறேன். பனி மூடினா வளைவுல சுவர் எங்க முடியுதுன்னு தெரியறதுதான் எங்களுக்கு முக்கியம், அங்க கறுப்பு மஞ்சள் பட்டையும் ரிப்ளெக்டரும் இருக்கணும். டூரிஸ்ட் கார் படத்த பாத்து வளைவுலயே நிறுத்தி இறங்கி போட்டோ எடுப்பான், பின்னாடி பஸ் வந்தா எங்க ஒதுங்கறது? பஸ் நிக்கற இடத்துக்குப் பின்னாடி நல்லா வரைங்க, நாங்களும் பாத்துட்டு போறோம்.

இன்னொண்ணு, ரோட்டோரத் தடுப்புச் சுவர் பெரும்பாலும் நெடுஞ்சாலைத்துறை கட்டினதா இருக்கும், பேரூராட்சி சரின்னு சொன்னா மட்டும் பத்தாது. பொது இடத்துச் சுவர்ல அனுமதி இல்லாம எழுதறதும் ஒட்டறதும் குற்றம்னு 1959லயே சட்டம் இருக்கு. வாயில சொன்னத எழுத்துல வாங்கி வைங்க, அதிகாரி மாறினா வாய் வார்த்தை நிக்காது.

கொழுந்துக்கூடை:

நான் கூடலூர் பக்கம் டான்டீ (அரசு தேயிலைத் தோட்டக் கழகம்) லைன்ல பொறந்தவ. அம்மாவும் பாட்டியும் கொழுந்து பறிச்சவங்க. நீலகிரியில எங்க சுவர்ல படம் போட்டாலும் தேயிலை பறிக்கற ஒரு பொண்ணு கண்டிப்பா இருப்பா, கவனிச்சிருக்கீங்களா? சிவப்பு பொட்டு, மூக்குத்தி, புதுச் சேலை, சிரிச்ச மொகம், ரெண்டு விரல்ல ஒரு இலை. தேயிலைத் தூள் பாக்கெட்ல இருக்கற அதே பொண்ணு. எங்கம்மா அப்படி ஒரு நாளும் தோட்டத்துக்கு போனதில்ல.

நெசமா எப்படின்னா, மழைக்கு தலையில பிளாஸ்டிக் கொங்காணி, இடுப்ப சுத்தி படங்கு, செடி கிழிக்காம இருக்க அதுக்குள்ள பழைய சட்டை, கால்ல அட்டை கடிக்கு உப்பும் புகையிலையும். இப்போ நெறைய இடத்துல விரல்ல பறிக்கறதே இல்ல, கத்திரி வச்சு வெட்டறாங்க, மெஷின் வச்சும் வெட்டறாங்க. சாயங்காலம் எடை போடற இடத்துல மூட்டைய எறக்கி வச்சுட்டு தராசையே பாத்துட்டு நிப்பாங்க பாருங்க, அந்த மொகத்த வரைங்க. உங்க பஸ் ஸ்டாண்டுக்கு பக்கத்துலயே எடை போடற ஷெட் இருக்குன்னு சொல்றீங்களே, அங்க வர்ற பொம்பளைங்க கிட்ட போய் கேளுங்க தம்பி, உங்கள வரையலாமா, எப்படி வரையலாம்னு. இதுவரைக்கும் அவங்கள யாரும் கேட்டிருக்க மாட்டாங்க.

எங்க சனம் வந்த கதையும் எந்தச் சுவர்லயும் இல்ல. 1964ல சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தம் போட்டாங்க, இலங்கை மலையகத்துல தலைமுறையா இருந்தவங்கள லட்சக்கணக்குல இங்க அனுப்பினாங்க, அவங்களுக்கு வேலை குடுக்கத்தான் 1968ல அரசு தேயிலைத் தோட்டத் திட்டமே ஆரம்பிச்சுது. மண்டபம் கேம்ப்ல எறங்கி, டிரங்குப் பெட்டியோட மலை ஏறி வந்து, காட்ட திருத்தி செடி நட்டவங்க. இப்ப இருக்கற பல தோட்டம் அவங்க கையால வந்தது. குந்தா பக்கமும் எங்காளுங்க இருக்காங்க. அந்த டிரங்குப் பெட்டிய ஒரு மூலையில வரைங்க போதும், தெரிஞ்சவங்களுக்கு தெரியும்.

குந்தா_பையன்:

அக்கா நீங்க சொன்னத அப்படியே எங்க குரூப்ல போட்டேன். எங்க கூட இருக்கற ஒரு பையனோட பாட்டி தலைமன்னார்ல இருந்து கப்பல்ல வந்தவங்களாம், நாங்க ஸ்கூல்ல இருந்து ஒண்ணாதான் படிச்சோம், அவன் இதுவரைக்கும் சொன்னதே இல்ல. அந்தப் பெட்டி இன்னும் அவங்க வீட்ல இருக்கு, துணி வச்சிருக்காங்களாம். பாக்கப் போறோம்.

பெயிண்டர் அண்ணா, கருங்கல் சுவர விட்ரோம். டிரைவர் அண்ணா, வளைவு வேணாம்னு எல்லாருமே ஒத்துக்கிட்டாங்க. எழுத்துல அனுமதி கேட்டு மனு குடுத்துட்டோம், நெடுஞ்சாலைத்துறைக்கும் ஒரு காப்பி.

தோடர் டிசைன் பத்தி யாராவது சொல்லுங்களேன், அத ரொம்ப பேர் கேக்கறாங்க.

கோத்தகிரி_மலர்:

நான் கோத்தகிரி பக்கம், குறும்பர் பழங்குடி ஓவியம் வரையற குடும்பங்களோட கொஞ்ச வருஷமா சேர்ந்து வேலை செய்றேன், அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன், பொறுத்துக்கங்க.

தோடர் டிசைன் சும்மா பார்டர் கோலம் இல்ல. அது பூத்துக்குளின்னு அவங்க போத்திக்கற வெள்ளைப் போர்வையில பொம்பளைங்க நூல எண்ணி எண்ணி சிவப்பும் கறுப்புமா போடறது, அச்சு வரைஞ்சு வச்சுக்கறதில்ல, எல்லாம் கண்ணும் விரலும்தான். இறந்தவங்களையும் பூத்துக்குளியிலதான் போர்த்தி அனுப்புவாங்க. அப்படிப்பட்ட ஒண்ண அவங்கள கேக்காம பஸ் ஸ்டாண்ட்ல ஒட்டினா அவங்களுக்கு எப்படி இருக்கும்னு யோசிங்க. 2013ல அந்த எம்ப்ராய்டரிக்கு புவிசார் குறியீடு கெடைச்சுது, கடையில மெஷின்ல போட்டு தோடர் டிசைன்னு விக்கறத பாத்து நொந்து போனவங்க அவங்க. வேணும்னா ஒரு மந்துக்குப் (தோடர் குடியிருப்பு) போய் அக்காமாருங்க கிட்ட நேர்ல கேளுங்க, எந்த டிசைன் சுவர்ல வரலாம், எது வேணாம்னு அவங்களே சொல்லட்டும், வந்து வரைஞ்சு குடுத்தா கூலி குடுங்க. வேணாம்னு சொன்னா விட்ருங்க.

அதுவும் உங்க ஊர் பக்கம் தோடர் மந்து எத்தன இருக்கு, கோத்தர் ஊர் எவ்ளோ பக்கத்துல இருக்குன்னு பாருங்க. கோத்தர்ங்கற பழங்குடிக்கு நீலகிரியில மொத்தமே ஏழு ஊருதான், அதுல ஒண்ணு குந்தா கோத்தகிரி, உங்க தாலுகாவுலயே. கொல்லு வேலை, மரவேலை, பானை எல்லாம் அந்தக் காலத்துல சுத்துப்பட்டு ஊருக்கே செஞ்சு குடுத்தவங்க, கோத்தர்ல பானை வனையறது பொம்பளைங்க. டூரிஸ்டுக்கு அவங்க பேரே தெரியாது, ஏன்னா போஸ்ட்கார்ட்ல வந்ததில்ல. பக்கத்துல இருக்கறவங்கள விட்டுட்டு போஸ்ட்கார்ட்ல இருக்கறவங்கள வரையணுமா?

சுவர் ஓவியம்ங்கறது நம்ம மலைக்கு புதுசும் இல்ல. வெள்ளரிக்கொம்பை பக்கம் எழுத்துப்பாறை, கரிக்கையூர் பக்கம் பொறிவரை, இங்கெல்லாம் பாறையில ஆளுங்க, மாடு, வேட்டைன்னு வரைஞ்சு வச்சது எத்தனையோ தலைமுறைக்கு முன்னாடி. ஆலு குறும்பர்ங்க அந்தப் பாறை ஓவியத்த தங்க முன்னோர் வரைஞ்சதுன்னு சொல்றாங்க, அதே ஒல்லியான உருவத்துல இன்னைக்கும் வரையறாங்க. கொடி ஏணியில தொங்கி தேன் எடுக்கறது, ஊரே சேர்ந்து ஆடறது, சாமி கும்புடறது, இதெல்லாம்தான் படம். வேங்கை மரத்துப் பிசின்ல இருந்து பழுப்பு, இலைச் சாறுல பச்சை, கரி, மண்ணு. உருவத்துக்கு கண்ணு மூக்கு கெடையாது, ஆனா யாரு என்ன செய்றாங்கன்னு பாத்தவுடனே தெரியும்.

அந்த இயற்கைச் சாயம் திறந்த சுவர்ல உங்க ஊர் மழைக்கு நிக்காது, பாறையில நின்னதுக்குக் காரணம் மேல குடை மாதிரி பாறை கவிஞ்சு இருக்கறது. ஆனா பெயிண்டர் அண்ணன் சொன்ன காவி, மஞ்சக்காவி, கறுப்பு கிட்டத்தட்ட அதே நிறம்தான், எமல்ஷன்ல வரைஞ்சா சரியா வரும். குறும்பர் ஓவியர் யாரையாவது கூப்பிடறதா இருந்தா மூணு விஷயம் மொதல்லயே பேசிருங்க: நாள் கூலி எவ்ளோ, வந்து போற செலவும் தங்கற எடமும் யாரு பாக்கறது, சுவர்ல அவங்க பேரு எங்க வரும். விளம்பரம் கெடைக்கும்னு சொல்லி சும்மா வரையச் சொல்றவங்கள நெறைய பாத்தாச்சு.

ஊர்க்காரன்:

எல்லாரும் கோவிச்சுக்காதீங்க. எங்க ஊர்லயும் பஸ் ஸ்டாண்ட் இருக்கு, அங்க பொம்பளைங்களுக்கு டாய்லெட் இல்ல. எடை போட வர்ற அம்மாக்கள் காலையில வீட்ல இருந்து கெளம்பினா சாயங்காலம் வரைக்கும் அடக்கிட்டுதான் இருக்கணும். அங்க போய் சுவர்ல அழகா அவங்க மொகத்த வரைஞ்சு வச்சா எனக்கு மனசு ஒப்பல. மொதல்ல அதுக்கு மனு குடுங்க.

கொழுந்துக்கூடை:

ஊர்க்காரன் அண்ணா சொல்றது முழுக்க சரி. ஆனா ஒண்ண விட்டாதான் இன்னொண்ணுன்னு ஏன் வைக்கணும்? ஒரு சுவருக்காக நாலு தெரு சனம் ஒண்ணா உக்காந்து பேசறாங்க இல்ல, அதே உக்காந்த எடத்துல டாய்லெட் மனுவுலயும் கையெழுத்து வாங்குங்க. சென்னை கண்ணகி நகர்ல 2020ல பெரிய பெரிய சுவர் ஓவியமெல்லாம் வந்துச்சு, ஆசியன் பெயிண்ட்ஸும் ஸ்டார்ட் இந்தியா (St+art India)ங்கற தெரு ஓவிய அமைப்பும் சேர்ந்து செஞ்சது. நகரத்துக்குள்ள இருந்து அப்புறப்படுத்தி கொண்டு போய் குடி வச்ச சனம் அது, அந்த ஊர் பேர சொன்னாலே வேலை குடுக்க யோசிப்பாங்கன்னு அங்க இருக்கறவங்களே சொல்லுவாங்க. ஓவியம் வந்தப்புறம் வெளியாளுங்க அந்த ஊர பாக்கன்னே போனாங்க. படம் ஒரு ஊரோட பேர கொஞ்சம் மாத்தும். குழாய்ல தண்ணி வர வைக்காது, அதுக்கு தனியா சண்டை போடணும், ரெண்டும் வேணும்.

தாண்டிக்குடி_டீச்சர்:

நான் பழனி மலை, தாண்டிக்குடி பக்கம் அரசுப் பள்ளியில வேலை பாக்கறேன். எங்க பள்ளிச் சுவர பிள்ளைங்களும் ஊர்க்காரங்களும் சேர்ந்து வரைஞ்சோம், அது இன்னும் நல்லா இருக்கு, அதனால எப்படி செஞ்சோம்னு சொல்றேன்.

எல்லாருக்கும் ஒரு படம்னு பிரிச்சுக் குடுக்காதீங்க. புலி ஒரு அடி, ரயில் ஒரு அடி, அம்மன் ஒரு அடின்னு போட்டா மளிகைக் கடை காலண்டர வரிசையா மாட்டின மாதிரி ஆயிரும். நாங்க ஒரே கேள்விய வச்சோம்: இந்த ஊர்ல மாசாமாசம் என்ன நடக்குது? பிள்ளைங்க வீட்டுக்குப் போய் தாத்தா பாட்டி கிட்ட கேட்டு எழுதிட்டு வந்தாங்க. காபி பழம் எப்ப செவக்கும், மிளகு எப்ப பறிப்போம், எந்த மாசம் யானை எறங்கும், எந்த மாசம் பனி, எந்த மாசம் கோயில் திருவிழா, மேல பூம்பாறை பக்கம் பூண்டு எப்ப போடுவாங்க. அது பன்னெண்டு மாசமா சுவர்ல நீளமா ஓடுது. மலைமேல இருக்கற கல்திட்டைய ஒரு பையன் வரைஞ்சான், ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடி இறந்தவங்களுக்கு கட்டினதுன்னு பாடத்துல படிச்சிருந்தான், அதை மார்கழி பனிக்குள்ள வச்சான், அது எங்க யாருக்கும் தோணல.

சாமி வேணுமா வேணாமான்னு எங்க ஊர்லயும் பேச்சு வந்துச்சு. சாமி உருவம் வேணாம், திருவிழாவுக்கு கூடற சனத்த வரைவோம்னு முடிவாச்சு. காரணம் பக்தி கொறைச்சல் இல்ல, பஸ் ஸ்டாண்ட் சுவர்ல எச்சில் துப்புவாங்க, மாடு உரசும், அப்புறம் அது ஒரு பிரச்சனையாகும். உங்க பெரியவங்க கிட்ட ஹெத்தை ஹப்பாவுக்கு (அந்தப் பண்டிகைதான்) வெள்ளை முண்டு கட்டிட்டு வரிசையா நடந்து வர்றத வரையலாமான்னு கேட்டுப் பாருங்க. ஊர் கவுடர (ஊர்த் தலைவர்) நேர்ல போய் பாத்து கேக்கணும், போன்ல வேணாம். கட்சிக் கொடி, தலைவர் படம், எந்த சாதிக்கும் அடையாளமான கலர், இதெல்லாம் வேணாம்னு மொதல் கூட்டத்துலயே எழுதி எல்லாரும் கையெழுத்து போட்ருங்க.

வெளியூர் ஆர்டிஸ்ட் பத்தி: உங்க தாலுகாவுலயே போர்டு எழுதின பழைய ஆர்டிஸ்ட் யாராவது இருப்பார், தேடுங்க. பிளெக்ஸ் பேனர் வந்தப்புறம் அவங்கள்ல நெறைய பேர் வேற வேலைக்கு போயிட்டாங்க, ஆனா கை மறக்கல. நூல் அடிச்சு கட்டம் போட்டு சின்னப் படத்த பெருசாக்கறது அவங்களுக்கு தண்ணி பட்ட பாடு. எங்களுக்கு அப்படி ஒருத்தர்தான் கோடு போட்டுக் குடுத்தார், அவருக்கு கூலி குடுத்தோம், பிள்ளைங்க கலர் அடிச்சாங்க. சுவர்ல எழுத்து வர்ற எடமெல்லாம் அவர் கையெழுத்து, அப்படி ஒரு தமிழ் எழுத்த கம்ப்யூட்டர்ல பாக்க முடியாது.

ரிசார்ட்காரருக்கு உபயம்னு கீழ ஒரு ஓரத்துல, குடுத்த எல்லார் பேரோடயும் ஒரே அளவு எழுத்துல போடறோம்னு சொல்லுங்க. நூறு ரூபா குடுத்த கீரைக்கார அம்மாவுக்கும் அதே அளவு. சரின்னா வாங்குங்க.

குந்தா_பையன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. இந்த ஞாயித்துக்கிழமை மறுபடி உக்காந்தோம், எடை ஷெட்டுக்கு வர்ற அம்மாக்கள், கோத்தர் ஊர்ல இருந்து ரெண்டு பேர், ஊர் கவுடர், டிரைவருங்க எல்லாம் வந்தாங்க. டாய்லெட் மனுவும் அங்கேயே எழுதி கையெழுத்து வாங்கியாச்சு, அதுலதான் கூட்டம் ஜாஸ்தி.

டீச்சர் சொன்ன மாச வரிசை எல்லாருக்கும் பிடிச்சுது. ஆனா ஒரு பாட்டி சொன்னாங்க, மாசம் வேணாம், இந்த ரோடு எப்படி வந்துச்சுன்னு வரைங்கன்னு. 1950கள்ல குந்தா மின்திட்டம் கனடா உதவியோட ஆரம்பிச்சப்ப எங்கெங்கயோ இருந்து வேலைக்கு வந்தவங்க, கெத்தை வழியா 43 கொண்டை ஊசி வளைவு, சுமந்து வந்த பைப்பு, அணையில வேலை செஞ்சு அப்படியே இங்கயே தங்கிட்ட குடும்பங்க. அப்புறம் இலங்கையில இருந்து வந்தவங்க. அதுக்கெல்லாம் முன்னாடியே இங்க இருந்த கோத்தர், குறும்பர், தோடர், படுகர். அதாவது யாரு எப்போ எந்த வழியா இந்த பஸ் ஸ்டாண்டுக்கு வந்து சேந்தாங்கங்கற வழிதான் படம். ரோடே 60 அடிக்கும் ஓடும், வளைஞ்சு வளைஞ்சு, ஒவ்வொரு வளைவுலயும் ஒருத்தர். புலி வேணும்னு சொன்னவர் கரடிய ஒரு வளைவுல வைக்கறதா சமாதானமாயிட்டார், எங்க ஊர் தெருவுல நெசமா நடக்கறது கரடிதான். தோடர் டிசைன் சுவர்ல இல்ல, மந்துக்குப் போய் கேட்டோம், டிசைன் வேணாம், எங்க எருமைய வரைங்கன்னு சொன்னாங்க.

பெயிண்டர் அண்ணா, கடைசியா ரெண்டு சந்தேகம். எந்த மாசம் ஆரம்பிக்கலாம்? கீழ மண்ணு தெறிச்சு அழுக்காகற எடத்துக்கு என்ன பண்றது?

குன்னூர்_பெயிண்டர்:

டிசம்பர் ஜனவரியில உறைபனி, அப்போ வேணாம், சில்லுன்னு இருந்தா எமல்ஷன் சரியா பிடிக்காது, காலையில பாத்தா பவுடரா உதிரும். பிப்ரவரி கடைசியில இருந்து ஏப்ரல் வரைக்கும் உங்க பக்கம் நல்ல நேரம், இடையில கோடை மழை ஒண்ணு ரெண்டு வந்தா தார்ப்பாய் கட்டிக்கங்க. காலைல பத்து மணிக்கு மேல, சுவர்ல கை வச்சுப் பாத்து ஈரம் இல்லன்னாதான் பிரஷ் எடுக்கணும், மூணு மூணரைக்கு நிறுத்திரணும், அதுக்கு மேல பனி எறங்கினா அன்னைக்கு அடிச்சது வழியும்.

கீழ ஒன்னரை ரெண்டு அடிக்கு படமே வேணாம். கரும்பழுப்பு இல்லன்னா கரும்பச்சை ஒரே கலரா அடிச்சு விடுங்க, அழுக்கு தெரியாது, வருஷா வருஷம் அந்தப் பட்டைய மட்டும் திரும்ப அடிச்சா போதும். சுவர் உச்சியில சிமெண்ட்ல முன்னாடி ரெண்டு இன்ச் நீட்டி ஒரு விளிம்பு கட்டிருங்க, அதுக்கு அடியில ஒரு சின்ன காடி விட்டீங்கன்னா மழைத்தண்ணி சுவர்ல வழியாம வெளிய சொட்டும், பெயிண்ட விட அதுதான் படத்த காப்பாத்தும். மீதி வர்ற கலரெல்லாம் ஒவ்வொரு டப்பாவுலயும் கம்பெனி, கலர் நம்பர் எழுதி லைப்ரரியில வைங்க, ரெண்டு மழை போனப்புறம் அங்கங்க தொட்டு எடுக்க வேண்டி வரும்.

எனக்கு மார்ச்ல வேலை கொறைவுதான். பாசி தேய்க்கறதுக்கும் பிரைமர் அடிக்கறதுக்கும் வர்றேன், தேதி சொல்லுங்க. கம்பி பிரஷ் என்கிட்ட இருக்கு, ஏணி மட்டும் பாத்து வைங்க.